அட்டை சொருகும் பலகை

மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்புக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஆறு மணி இருக்கும். மாதவரத்திலிருந்து மணலிக்குப் போகும் 200 அடி சாலையில் டேங்கர் லாரிகள் அதற்குள் வரிசை கட்டிவிட்டன. டீக்கடை வாசலில் நின்று கிழக்கே பார்த்தால் மணலி ஆலையின் உச்சியில் எரியும் சுடர் தெரிந்தது. வெளிச்சம் ஏற ஏற அது மங்கிக்கொண்டே போனது. "இப்ப ஒண்ணும் தெரியாது சார். மத்தியானம் கடல்காத்து திரும்பட்டும், அப்ப வாடை தெரியும்" என்றார் டீ ஆற்றியவர். மாத்தூர்க்காரர்களுக்குக் காற்றின் திசை மனப்பாடம். எப்போது துணி காயப்போடலாம், எப்போது ஜன்னலைச் சாத்த வேண்டும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

நான் பார்க்க வந்தவர் நடுக்கடலில் வேலை செய்பவர். மும்பை ஹை எண்ணெய் மேடைகளில் சாரம் கட்டும் ஒப்பந்தத் தொழிலாளி, வயது நாற்பதைத் தொட்டிருக்கும். மணலி ஆலைகளில் ஷட்டவுன் வேலைக்குப் போய்ப் பழகி, அங்கே கிடைத்த ஆட்கள் மூலம் மும்பைக்குப் போனவர். இப்போது விடுப்பில் வந்திருந்தார். மாடியில் இரண்டு அறை வீடு. அவர் மனைவி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தப்பிப்பது எப்படி என்று பயிற்சி எடுத்த சான்றிதழ், மருத்துவச் சீட்டு, ஆதார் நகல். அவற்றுக்கு நடுவில் விரல் நீளத்தில் ஓர் அட்டை. மேலே அகலம், கீழே குறுகல். ஆங்கில 'டி' எழுத்தின் வடிவம். அதனால் அதற்கு டி-கார்டு என்றே பெயர். பேனாவால் பெயர், ஒப்பந்த நிறுவனம், படுக்கை எண், கடைசியாக உயிர்காப்புப் படகின் எண். பழைய மேடை ஒன்றிலிருந்து ஞாபகமாகக் கொண்டுவந்தாராம். விளிம்பெல்லாம் கிரீஸ் கறை.

"அங்க போய் எறங்குனா மொதல் வேலை இத பலகையில சொருகறதுதான் சார். சொருகலன்னா நீ அங்க இல்லன்னு அர்த்தம். சைரன் அடிச்சா எல்லாரும் ஓடிப்போய் அவங்கவங்க அட்டைய எதிர்ப்பக்கம் மாத்திப் போடணும். மாறாம நிக்கற அட்டைய வச்சுத்தான் யாரு வரலன்னு தேடுவாங்க."

அந்தப் பலகையைப் பற்றி அவர் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. கடலுக்கு நடுவே ஒரு மனிதன் இருக்கிறான் என்பதற்கு ஒரு துண்டு அட்டைதான் சாட்சி.

நான் கேட்டேன்: "நீங்க வேலை செய்யற மேடை பாதுகாப்பா இருக்குன்னு சொல்றது யாரு?"

"சேஃப்டி ஆபீசர்."

"அவருக்கு மேல?"

"கம்பெனிக்காரங்க."

"கம்பெனிக்கு மேல?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "மேல... டெல்லிதான் சார்."

டெல்லி என்றால் யார்? எந்த அறையில், எந்த மேசையைச் சுற்றி, யார் யார் உட்கார்ந்து இவருடைய உயிரைப் பற்றி முடிவெடுக்கிறார்கள்? அந்தக் கேள்வியோடுதான் அன்று முழுக்க மாத்தூரிலிருந்து எண்ணூர் வரை சுற்றினேன்.

முதலில் இவருடைய மேடைக்கு மேலே இருக்கும் நாற்காலிகளைச் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டில் கடல் எண்ணெயைக் கவனிக்க இரண்டு அமைப்புகள். ஒன்று, ஹைட்ரோகார்பன் தலைமை இயக்ககம். 1993-ல் அரசுத் தீர்மானம் ஒன்றால் உருவானது. எண்ணெய் வயல்களை ஏலம் விடுவது, ஒப்பந்தங்களை மேற்பார்ப்பது, உற்பத்தி பெருக வழி தேடுவது அதன் வேலை. மற்றது, எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம். 1986-ல் வந்தது, ஓ.ஐ.எஸ்.டி. என்றால் மணலி ஆலைகளில் எல்லோருக்கும் தெரியும். 2008-ல் கடல் எண்ணெய்ப் பணிகளுக்கான பாதுகாப்பு விதிகள் வந்தபோது, அவற்றை அமல்படுத்தும் அதிகாரம் இந்த இரண்டாவது அமைப்பிடம் கொடுக்கப்பட்டது. மேடை இயங்கலாம் என்று அனுமதி தருவது அதுதான். இரண்டுமே பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ். இரண்டுக்கும் அலுவலகம் நொய்டா 73-வது செக்டாரில் ஒரே கட்டடத்தில். இரண்டுக்கும் பணம் வருவது எண்ணெய்த் தொழில் வளர்ச்சி வாரியத்திலிருந்து. அந்தக் கட்டடமே அந்த வாரியத்தின் பெயரில்தான் இருக்கிறது. எண்ணெயைச் சீக்கிரம் எடு என்று சொல்ல வேண்டியவரும், பொறு, ஆபத்து என்று சொல்ல வேண்டியவரும் ஒரே வாசலில் நுழைகிறார்கள். இரண்டு இடங்களிலும் அதிகாரிகள் பலர் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களிலிருந்து அயல்பணியில் வருபவர்கள். சில வருடம் கழித்துத் தாய் நிறுவனத்துக்கே திரும்பிப் போக வேண்டியவர்கள்.

பாதுகாப்பு இயக்ககத்துக்கு மேலே ஒரு பாதுகாப்பு கவுன்சில் இருக்கிறது. நான் தேடிய நாற்காலிகள் இவைதான். தலைவர், பெட்ரோலியத் துறைச் செயலாளர். உறுப்பினர்கள், அந்த அமைச்சகத்தின் இணைச் செயலாளர்கள், ஆலோசகர்கள்; பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் தலைவர்கள்; வெடிபொருள் துறையின் தலைமைக் கட்டுப்பாட்டாளர்; மத்திய அரசின் தீயணைப்பு ஆலோசகர்; தொழிற்சாலை ஆலோசனைப் பணித் துறையின் தலைமை இயக்குநர். கடைசி மூவரை விட்டுவிட்டால் மற்ற எல்லோரும் எண்ணெய் எடுப்பவர்கள், அல்லது எண்ணெய் எடுப்பவர்களுக்கு முதலாளியான அமைச்சகத்தைச் சேர்ந்தவர்கள்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடலடிக் குழாய், கிணற்றின் அழுத்தம், வாயுக் கசிவு இவையெல்லாம் தெரிந்தவர்கள் அந்த நிறுவனங்களில்தான் இருக்கிறார்கள். ஓ.ஐ.எஸ்.டி. வகுத்த தரநிலைகளை ஆலைப் பொறியாளர்கள் இன்றும் மதிக்கிறார்கள், அவற்றைப் படித்துத்தான் வேலை கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் தொழில் தெரிந்தவரிடம் யோசனை கேட்பது வேறு, அவரையே தீர்ப்புச் சொல்லும் இருக்கையில் உட்கார வைப்பது வேறு. தன் நிறுவனத்தின் மேடையை மூடு என்று கைதூக்க வேண்டிய நாள் வந்தால் அந்தக் கை என்ன செய்யும்?

2008 விதிகள் வருவதற்கு மூன்று வருடம் முன்பு நடந்ததை மாத்தூர் நண்பரிடம் சொன்னேன். அவர் கடலுக்குப் போகும் முன்னால் நடந்தது என்றாலும், பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருந்தார். 2005 ஜூலை 27. மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் மும்பை ஹை நார்த் மேடை. பக்கத்தில் நின்ற சமுத்திர சுரக்ஷா என்ற கப்பலில் ஒரு சமையற்காரருக்குக் கையில் வெட்டுக்காயம். அவரை மேடைக்கு மாற்றக் கப்பல் நெருங்கியது. மழைக்காலக் கடல், பெரிய அலை. கப்பல் மேடையின் எண்ணெய்க் குழாய்களில் மோதியது. குழாய் கிழிந்து பீறிட்ட வாயு பற்றிக்கொண்டது. இரண்டு மணி நேரத்தில் மேடையே கடலுக்குள் சரிந்தது. 384 பேரில் 362 பேர் மீட்கப்பட்டார்கள், 22 பேர் போய்விட்டார்கள். அந்தக் கப்பலின் அழுத்த அறைக்குள் அடைபட்டிருந்த ஆறு ஆழ்கடல் மூழ்காளர்களை 36 மணி நேரம் கழித்துத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது.

"அந்தக் குழாயெல்லாம் மோதற பக்கம் வச்சிருக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்வாங்க" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "தாக்டே புயலப்போ நான் லீவுல இங்கதான் இருந்தேன்" என்றார்.

2021 மே 17. மேடை வேலைக்கான ஆட்கள் தங்கியிருந்த பி-305 என்ற மிதவை, நங்கூரம் அறுந்து புயலில் அலைக்கழிந்து மூழ்கியது. அதில் 261 பேர். வரப்பிரதா என்ற இழுவைப் படகும் மூழ்கியது. இரண்டிலும் சேர்த்து 86 பேர் இறந்தார்கள். புயல் வருவது நாட்கணக்கில் முன்பே தெரியும். மிதவை ஒருவருடையது, ஒப்பந்தம் இன்னொருவருடையது, வேலை எண்ணெய் நிறுவனத்துடையது, கப்பல் சட்டம் கப்பல் துறையிடம். கரைக்குத் திரும்பு என்று அதட்டிச் சொல்ல வேண்டிய ஒரே குரல் எது என்பதுதான் அன்று தெளிவாக இல்லை. அவருக்குத் தெரிந்த ஒருவர் அந்த மிதவையில் இருந்திருக்கிறார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எட்டரை மணிக்கு அவரே தன் பைக்கில் மணலி வரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் சாலையோரத்தில் கல் நட்டிருந்தது. மஞ்சள் பூசிய முட்டுக்கற்கள். கீழே குழாய் போகிறது, தோண்டாதீர்கள் என்று சொல்லி ஒரு தொலைபேசி எண். ஒரு கல்லில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் லாரி உரசி அழிந்திருந்தது. பைக்கை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். கல்லுக்குப் பக்கத்தில் ஓர் எருமை படுத்திருந்தது.

குழாய்களுக்கு வேறு வாரியம். பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம், 2006-ம் வருடச் சட்டப்படி 2007-ல் வந்தது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019-ல் திறந்த திரவ எரிவாயு முனையத்திலிருந்து மணலி ஆலைகளுக்கு எரிவாயு வருகிறது. அங்கிருந்தே தூத்துக்குடி வரைக்கும் ஒரு குழாய். அதைப் போட இந்தியன் ஆயிலுக்கு அனுமதி கொடுத்தது இந்த வாரியம்தான். சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு குழாய் எரிவாயு கொடுக்கும் உரிமையை 2018-ல் ஏலத்தில் டோரன்ட் கேஸுக்கு ஒதுக்கியதும் இதுதான்.

இங்கே நாற்காலிகள் ஐந்து. ஒரு தலைவர், சட்டம் தெரிந்த ஓர் உறுப்பினர், இன்னும் மூன்று உறுப்பினர்கள். தேர்வுக்குழு வைத்துப் பொறுக்குகிறார்கள், பதவிக்காலம் சட்டத்திலேயே இருக்கிறது. அமைச்சகத்தின் வாலாக இல்லாமல் தனிச் சட்டத்தில் நிற்கும் அமைப்பு என்பதால் இதை நான் மதிக்கிறேன். முதல் தலைவர் லாபண்யேந்து மான்சிங். 2017 டிசம்பரில் தலைவராக வந்த தி.கே. சராஃப், அதற்குச் சில மாதம் முன்புவரை பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் தலைவர். அவர் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நேற்றுவரை விளையாடியவர் இன்று நடுவர் என்றால் பார்ப்பவர்கள் மனதில் ஒரு கேள்வி எழத்தான் செய்யும். அவர் 2020 இறுதியில் போன பிறகு, 2023-ல் அனில் குமார் ஜெயின் வரும் வரையில் இரண்டு வருடத்துக்கு மேல் அந்தத் தலைவர் நாற்காலி காலி. நாடு முழுக்கக் குழாய் தோண்டிக்கொண்டிருந்த காலம் அது.

முக்கியமான ஒன்று. இந்த ஐந்து பேருக்கும் கடல் கிணற்றின் மேல் அதிகாரம் இல்லை. சட்டத்தின் முகப்பிலேயே எண்ணெய், எரிவாயு உற்பத்தி நீங்கலாக என்று எழுதிவிட்டார்கள். தனிச் சட்டம், தனித் தேர்வு, வரையறுத்த பதவிக்காலம் எல்லாம் கரையில் போகும் குழாய்க்கு. ஆபத்து அதிகமான நடுக்கடலுக்கோ அமைச்சகத்தின் கவுன்சில்.

மணலியில் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலையின் வாசலைக் கடந்து நடந்தேன். 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. 1969-ல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் சுத்திகரித்தது, இன்று 105 லட்சம் டன். கச்சா எண்ணெய் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிக் குழாயில் வருகிறது.  ஷிப்ட் மாறும் நேரம், ஆட்கள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஆலைக்குள் பாதுகாப்புத் தணிக்கை ஓ.ஐ.எஸ்.டி. செய்கிறது. தொட்டிகளுக்கு உரிமம் நாகபுரியில் தலைமையகம் வைத்திருக்கும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடம். வடிகாலுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

வடிகால் என்றதும் 2023 டிசம்பர்தான் ஞாபகம் வரும். மிக்ஜாம் புயல் மழை. 3, 4 தேதிகளில் மணலி மூழ்கியது. வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாற்றில் கலந்து, எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சி.பி.சி.எல். பக்கம் விரல் நீட்டியது. நிறுவனம் முதலில் மறுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து வழக்கை எடுத்தது. நான் சொல்ல வருவது யார் குற்றம் என்பதை அல்ல, அது தீர்ப்பாயத்தின் வேலை. அந்த முதல் சில நாட்களில் என் கண்முன்னே நடந்தது வேறு. எந்த அலுவலகம் முதலில் ஓடிவர வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை.

மணலி விரைவுச் சாலையில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டைத் தாண்டிக் கால்வாய்ப் பாலத்தில் இறங்கிக்கொண்டேன். தண்ணீர் கறுப்பாக அசைவற்றுக் கிடந்தது. பாலத்துச் சுவரில் கைவைத்தபோது பிசுபிசுப்பு எதுவும் இல்லை, வெறும் தூசி. இரண்டு கொக்குகள் கோரைக்குள் நின்றிருந்தன.

அங்கிருந்து எண்ணூர், காட்டுக்குப்பம். ஆற்றங்கரையில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. கவிழ்த்துப் போட்ட ஒரு ஃபைபர் படகின் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். தண்ணீர் தொடும் மட்டத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை. நகத்தால் சுரண்டினால் தார் மாதிரி உருண்டு வந்தது, விரலை மணலில் தேய்த்தும் போகவில்லை. படகுக்காரர் சிரித்தபடி மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் கொடுத்தார்.

மீன் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆற்றில் கைதடவி இறால் பிடிக்கிற குடும்பம். கழுத்தளவு தண்ணீரில் மண்டியிட்டு, சேற்றில் விரல் வைத்துத் தடவிப் பிடிப்பது. அந்த டிசம்பரில் எண்ணெய் படிந்த ஆற்றில் எப்படி இறங்க முடியும்?

"யாராச்சும் வந்து பார்த்தாங்களா, அம்மா?"

"எல்லாரும் வந்தாங்கப்பா. ஜீப்புல வந்தாங்க, படகுல வந்தாங்க. பாட்டில்ல தண்ணி மொண்டுக்கினு போனாங்க. யாரு எந்த ஆபீசுன்னு நமக்கின்னா தெரியும்? நாங்கதான் கையால எண்ணெய வழிச்சு டிரம்முல ஊத்துனோம்."

நிவாரணம் வந்தது. 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், மற்ற 6,700 குடும்பங்களுக்கு 7,500, 787 படகுகளுக்கு 10,000. "வாங்கிக்கினோம், இல்லன்னு சொல்லல" என்றார். "ஆனா ஆறு பழயபடி ஆவறதுக்கு யாருகிட்ட கேக்கறதுன்னு ஒரு பேரு சொல்லு."

என்னால் ஒரு பெயர் சொல்ல முடியவில்லை.

2017 ஜனவரி 28-ம் தேதியும் இங்கே இப்படித்தான். காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி, கப்பல் எண்ணெய் கடலில் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் கல்லூரிப் பிள்ளைகளும் மீனவர்களும் வாளியில் அள்ளினார்கள். கடலில் எண்ணெய் சிந்தினால் ஒருங்கிணைப்பது கடலோரக் காவல்படை என்று தேசியத் திட்டம் சொல்கிறது. கப்பலுக்குக் கப்பல் துறை, கரைக்கு மாநில அரசு. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் உர ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடியபோதும் அதே கேள்வி. கடலுக்கடியில் போகும் குழாயை யார் கடைசியாகப் பார்த்தார்கள்?

காட்டுக்குப்பத்துக் கரையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து ஞாபகம் வந்தது. அதுவும் மீன்பிடித்து வாழ்ந்த கரை. 1982 பிப்ரவரி 15-ம் தேதி ஓஷன் ரேஞ்சர் என்ற துளைமேடை அங்கே புயலில் மூழ்கி, அதிலிருந்த 84 பேரும் இறந்தார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை. மூன்று வருடம் கழித்து, 1985-ல், மத்திய அரசும் மாகாண அரசும் ஓர் ஒப்பந்தம் போட்டுக் கடல் எண்ணெய்க்கு ஒரு கூட்டு வாரியம் அமைத்தன. அன்று வகுத்தபடி ஏழு இருக்கை. மூன்று பேரை மத்திய அரசு நியமிக்கும், மூன்று பேரை மாகாணம் நியமிக்கும், தலைவரை இருவரும் சேர்ந்து. கடலின் உரிமை யாருக்கு என்று வருடக்கணக்காக வழக்காடிய இரண்டு அரசுகள் அவை. அந்த வழக்கில் மாகாணம் தோற்றது. தோற்ற பிறகும் சரிபாதி நாற்காலி கிடைத்தது.

நம் அரசியல் சாசனத்தின் 297-வது பிரிவுப்படி கடலடி வளம் முழுக்க மத்திய அரசுக்கு. அதை மாற்றச் சொல்லி நான் இங்கே வாதாடவில்லை. கனடாவிலும் கடல் மத்திய அரசுடையதுதான். உரிமை ஒருவரிடம் இருக்கட்டும், மேசையில் கரைக்காரனுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதுதான் விஷயம். 2020-ல் தமிழ்நாடு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் எல்லை கடற்கரையோடு முடிந்துவிடுகிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடல் எண்ணெய்த் தொகுதிகள் ஏலத்துக்கு வந்தபோது, அந்தக் கரையின் மீனவர்கள் தெருவில் நின்று எதிர்த்தார்கள். தெருவைத் தவிர அவர்களுக்கு வேறு இடம் எங்கே இருக்கிறது?

மற்ற நாடுகளும் பிணங்களை எண்ணிய பிறகுதான் கற்றுக்கொண்டன. பிரிட்டனில் 1988 ஜூலை 6-ம் தேதி பைப்பர் ஆல்ஃபா மேடைத் தீயில் 167 பேர் இறக்கும்வரை, எண்ணெய் உற்பத்தியை ஊக்குவித்த எரிசக்தித் துறையே பாதுகாப்பையும் பார்த்தது. விசாரித்த கல்லன் பிரபு 1990-ல் 106 பரிந்துரைகள் சொன்னார். பாதுகாப்பைத் தொழிலாளர் நலம் பார்க்கும் வேறு அமைப்பிடம் மாற்று என்பது அவற்றில் தலையானது. நார்வே 2004-ல் இரண்டையும் பிரித்தது. அங்கே பாதுகாப்புப் பேச்சில் தொழிற்சங்கங்களுக்கு இடம் உண்டு. அமெரிக்கா 2010-ல் டீப்வாட்டர் ஹொரைசனில் 11 பேரைப் பறிகொடுத்து, மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய் பரவிய பிறகு, வருமானம் வசூலிக்கும் துறையையும் பாதுகாப்புத் துறையையும் தனித்தனியாக உடைத்தது. நாம் மும்பை ஹை நார்த்துக்குப் பிறகு விதிகளை எழுதினோம். நாற்காலிகளை மாற்றவில்லை.

விதி எழுதுவதைவிட நாற்காலி மாற்றுவது கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். அந்தக் கவுன்சிலில் மேடையில் வேலை செய்த ஒரு தொழிலாளி ஏன் இல்லை? கரை மாநிலங்களுக்குச் சுழற்சி முறையிலாவது ஓர் இருக்கை ஏன் இல்லை? மீனவர் கூட்டுறவிலிருந்து ஒருவர் வந்தால் என்ன குடிமுழுகிப் போகும்? எண்ணெய் நிறுவனத் தலைவர்களை வரவழையுங்கள், பதில் சொல்ல வையுங்கள், அவர்கள் அனுபவத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவெடுக்கும்போது வெளியே உட்கார வையுங்கள். ஐந்து பேருக்குத் தனிச் சட்டம் போட்டுக் குழாயைப் பார்க்கச் சொன்ன நாட்டுக்கு, கடலுக்கும் அப்படி ஒரு சட்டம் போடத் தெரியாதா? 1948-ம் வருட எண்ணெய் வயல் சட்டத்தை 2025-ல்தான் நாடாளுமன்றம் திருத்தியது. கதவு திறந்திருந்த அந்த நேரத்தில் தனியான கடல் பாதுகாப்பு வாரியம் ஒன்றை உள்ளே கொண்டுவந்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மாலை ஐந்து மணிக்குத் திரும்ப மாத்தூர் வந்தேன். டீக்கடைக்காரர் சொன்னது சரிதான், கடல்காற்று திரும்பியிருந்தது. பாதி கருகிய தாரும் அழுகிய முட்டையும் சேர்ந்த வாடை. குடியிருப்பில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. மாடிப்படியில் ஒரு பாட்டி காயப்போட்ட துணிகளை வேகமாக உருவிக்கொண்டிருந்தார்.

நண்பர் ஞாயிற்றுக்கிழமை மும்பை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தார். பை பாதி கட்டியிருந்தது. பனியன்கள், ஊறுகாய் பாட்டில், ஒரு புது பாதுகாப்பு பூட்ஸ். அதைக் காட்டி, "கம்பெனி குடுக்கறது காலக் கடிக்குது, நானே வாங்கிக்கினேன்" என்றார். அன்று நான் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். கவுன்சிலில் யார் யார் என்று சொன்னபோது விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்து, "நம்மாளு ஒருத்தரும் இல்ல" என்றார்.

பிறகு அவராகவே கேட்டார்: "சார், அந்த ஆபீஸ் பேரு இன்னான்னு சொன்னீங்க? எழுதிக் குடுங்க. சாரத்துல கிளாம்ப் துருப்பிடிச்சு இருந்தா மேடையில சொல்வேன். அவங்க கேக்கலன்னா எங்க சொல்றதுன்னு தெரியணும் இல்ல?"

மகளின் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். தமிழில் ஒருமுறை, அப்புறம் உறையில் எழுத உதவும் என்று ஆங்கிலத்தில் ஒருமுறை எழுதினேன். எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம், செக்டார் 73, நொய்டா. அவர் உதடு அசைய இரண்டு தடவை படித்துப் பார்த்தார். நான்காக மடித்தார். பிளாஸ்டிக் கவரைத் திறந்து டி-கார்டுக்குப் பின்னால் அதைச் செருகிவைத்தார்.